தடுப்பு வரிசை எதிரணியின் பாஸை மறிப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரப் பள்ளி மைதானங்களில் கால்பந்துப் போட்டிகளைப் பார்த்துவருபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. நடுக்களத்தில் ஒருவன் தலையை நிமிர்த்திப் பார்த்து உதைக்கிறான். பந்து இரண்டு ஸ்டாப்பர்களுக்கும், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர்களுக்கும், நடுவே பாய்கிறது. இருவரும் திரும்பி ஓடத் தொடங்கும்போதே எதிரணி ஃபார்வர்டு கீப்பருக்கு எதிரே போய்விடுகிறான். கோல் விழுந்ததும் கடைசியாகத் துரத்தியவன்மீது எல்லாரும் பாய்கிறார்கள். ஆனால் பாஸ் புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நொடிகளில் தடுப்பு வரிசையின் நால்வரும் (இரண்டு ஸ்டாப்பர்கள், இரு ஓரங்களிலும் விங் பேக்குகள்) எங்கே நின்றார்கள், எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில்தான் அந்தக் கோல் தொடங்கியது. இந்தப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், அந்த இரண்டு நொடிகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடம், பந்து வைத்திருப்பவனின் தலையைக் கவனிப்பது. அவன் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாலோ, நம் ஆள் ஒருவன் அவனை நெருக்கிக்கொண்டிருந்தாலோ, நம் கோலை நோக்கி முதுகைக் காட்டி நின்றாலோ, அவனால் நீண்ட பாஸ் கொடுக்க முடியாது. அந்தக் கணத்தில் நால்வரும் சேர்ந்து மூன்று, நான்கு அடி முன்னேற வேண்டும். அவன் நெருக்குவாரின்றித் தலை நிமிர்ந்து, உதைக்கும் காலைப் பின்னால் எடுத்தால், அந்தக் கணமே நால்வரும் பின்வாங்கத் தொடங்கிவிட வேண்டும். பந்து காலைவிட்டுப் புறப்பட்ட பிறகு திரும்புபவன் ஃபார்வர்டைப் பிடிப்பது கடினம். எங்கள் பிள்ளைகளுக்கு இதற்கு இரண்டே சொற்கள் வைத்திருக்கிறேன்: "ஏறு", "இறங்கு". இரு ஸ்டாப்பர்களில் ஒருவன் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும். இருவர் கத்தினால் ஒருவன் ஏறி மற்றவன் இறங்குவான், அந்த இடைவெளியிலேயே பந்து நுழையும்.

பின்வாங்கும்போது முதுகைக் காட்டி ஓடக் கூடாது. ஒரு தோள் பந்தின் பக்கமும் மறு தோள் நம் கோலின் பக்கமும் இருக்குமாறு பக்கவாட்டில் நின்றால்தான், பந்தும் நாம் காக்கும் ஆளும் ஒரே பார்வையில் அகப்படும். எதிராளிக்கும் நம் கோலுக்கும் நடுவே நிற்பது பொது விதி.

அடுத்தது இடைவெளி. பந்து மைதானத்தின் நடுவே இருக்கும்போது நால்வரும் பெனால்டி ஏரியாவின் அகலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 40 மீட்டருக்குள் அடங்க வேண்டும். பந்து ஓரத்துக்குப் போனால் வரிசை முழுவதும் அந்தப் பக்கம் நகர, எதிர்ப்பக்க விங் பேக் ஏறக்குறைய மைதான அகலத்தின் நடுப்பகுதிக்கு, கோலுக்கு நேராக, வந்துவிட வேண்டும். அவன் விட்டுவந்த ஓரம் காலியாகத்தான் கிடக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே போக வேண்டிய பந்து மைதானத்தின் அகலம் முழுவதையும் காற்றில் கடக்க வேண்டும், அதற்குள் வரிசை திரும்ப நகர்ந்துவிடலாம். இரண்டு ஸ்டாப்பர்களுக்கு நடுவே உருண்டுவரும் பாஸுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே கோலுக்கு நேரான இடத்தை முதலில் அடைத்துவிட்டு, ஓரத்தைப் பிறகு பார்க்கலாம். பந்து வைத்திருப்பவனை எதிர்கொள்ள ஒருவன் முன்னே போனால், பக்கத்தில் இருப்பவன் அவனுக்குச் சற்றுப் பின்னால், உள்பக்கமாகச் சாய்ந்து நின்று காவல் கொடுக்க வேண்டும்.

இத்தாலியின் ஏ.சி. மிலான் அணி 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அதன் பயிற்றுநராக இருந்த அரிகோ சாக்கி, தடுப்பு வரிசைக்கும் முன்கள வரிசைக்கும் நடுவே சுமார் 25 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வலியுறுத்தியவர். பந்தே இல்லாமல், பந்து இன்ன இடத்தில் இருப்பதாகச் சொல்லிச் சொல்லி அணி முழுவதையும் நகரவைத்துப் பழக்கியவரும் அவரே. நம்மிடம் இருக்கும் வசதிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை. நான் இதில் கயிற்றையும் சேர்த்துக்கொள்கிறேன். எட்டு மீட்டர் நீளமுள்ள மூன்று நூல் கயிறுகளை நால்வரும் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் கட்டக் கூடாது, விழுந்தால் அடிபடும். நான் மைதானத்தின் குறுக்கே நடக்க நடக்க அவர்கள் நகர்வார்கள். கயிறு மண்ணில் புரண்டால் நெருங்கிவிட்டார்கள், கையைவிட்டு நழுவினால் விலகிவிட்டார்கள் என்று பொருள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் செய்தால் போதும். சில வாரங்களில் கயிறு இல்லாமலேயே அந்தத் தூரம் காலுக்குப் பழகிவிடுகிறது.

நம் ஊர்த் தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் காய்ந்து இறுகிய, புல்லில்லாத செம்மண் மைதானத்தில் உயரத்திலிருந்து விழும் பந்து ஆள் உயரத்துக்கு மேலே எழும்பும். கீழே விழட்டும், பிறகு எடுக்கலாம் என்று காத்திருக்கும் ஸ்டாப்பரின் தலைக்கு மேலே அது போய்விடும். எனவே முதல் பவுன்ஸுக்கு முன்பே தலையால் அடித்துவிட வேண்டும், முடியாதென்று தெரிந்தால் உடனே பின்னால் ஓடிவிட வேண்டும். அதே தரையில் தடுப்பு வரிசையைப் பிளந்து உருண்டு வரும் த்ரூ பால் வேகம் குறையாமல் கீப்பர்வரை ஓடிவிடும். இதனால் கீப்பர் கோல் கோட்டிலேயே நிற்காமல் பெனால்டி ஏரியாவின் விளிம்பருகே வந்து நின்றால், வரிசை துணிந்து முன்னேறலாம். ஆடி மாதக் காற்றில் கணக்கு மாறும். எதிரணிக்குப் பின்காற்று இருக்கும் பாதியில் ஐந்து மீட்டராவது இறங்கி நில்லுங்கள்.

ஆளுக்கு ஆள் மார்க்கிங்கா, இடத்தைக் காப்பதா என்று பயிற்றுநர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஆளோடு ஒட்டிக்கொண்டே திரிந்தால், கெட்டிக்கார ஃபார்வர்டு நம் ஸ்டாப்பரை ஓரத்துக்கு இழுத்துப்போய் நடுவே வழி திறந்துவிடுவான். இடத்தை மட்டும் காத்தால், இருவர் எல்லைக்கும் நடுவே நிற்பவன் யார் பொறுப்பு என்ற குழப்பம் வரும். பெனால்டி ஏரியாவுக்கு வெளியே இடத்தைக் காக்க வேண்டும். ஒருவன் எல்லை தாண்டும்போது "உன் ஆள்" என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும், "சரி" என்ற பதில் வரும்வரை விடக் கூடாது. ஏரியாவுக்குள் நுழைந்துவிட்டால் கை எட்டும் தூரத்தில் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது எல்லாரும் பந்தையே வேடிக்கை பார்க்க, எதிர்ப்பக்கக் கோல் கம்பமான பின் போஸ்ட்டில் ஒருவன் தனியாக நிற்பதுதான் பள்ளி அணிகளின் தீராத நோய்.

பாஸ் புறப்படும் கணத்தில் தாக்குபவன் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றால் தவறு என்னும் ஆஃப்சைடு விதியை நம்பி வரிசையை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. 1925-இல் விதி மாறியதிலிருந்து, தாக்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே தடுக்கும் அணியினர் குறைந்தது இரண்டு பேர் (கீப்பரையும் சேர்த்து) இருந்தால் போதும், ஆஃப்சைடு இல்லை. 1990 முதல் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரனுக்குச் சமமாக நின்றாலும் ஆஃப்சைடு இல்லை. த்ரோ, கோல் கிக், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கும் ஆஃப்சைடு கிடையாது. பல உள்ளூர்ப் போட்டிகளில் ஆஃப்சைடு பார்க்கப் பயிற்சி பெற்ற துணை நடுவரே இருப்பதில்லை. எனவே கையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல், விசில் கேட்கும்வரை ஓட வேண்டும்.

இந்த விதியில் நானே ஒருமுறை ஏமாந்தேன். ஒரு பள்ளிப் போட்டியில் தொலைவிலிருந்து வந்த பந்தை எங்கள் இடது ஸ்டாப்பர் நிதானமாகப் பார்த்து, அரைமனதாகத் தலையால் பின்னுக்குத் தட்ட, இரண்டு மீட்டர் ஆஃப்சைடில் நின்றிருந்தவன் அதை எடுத்துக் கோல் போட்டான். நான் நடுவரிடம் கொதித்தேன். அவர் சொன்னதே சரி: தடுப்பவன் வேண்டுமென்றே விளையாடிய பந்தை எதிராளி பெற்றால் ஆஃப்சைடு தீர்ப்பு இல்லை. அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் ஸ்டாப்பர் தலையால் அடிக்கும் பந்து உயரமாகவும் தூரமாகவும் ஓரத்தை நோக்கியும்தான் போக வேண்டும். கீப்பரை நோக்கித் தட்டுவதென்றால், "என்னோடது" என்ற கீப்பரின் குரல் முதலில் வந்திருக்க வேண்டும்.