டாக்கர் அப்டேட்: எரர் வராத தவறுகள்தான் ஆபத்து

ஒரு அப்ளிகேஷனை, அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்து இமேஜ் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டி, கண்டெய்னராக ஓட்டும் கருவிதான் டாக்கர். அதில் புது வெர்ஷன் வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது "புதுசா என்ன வந்திருக்கு?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் புது வசதியால் பெரிய தொந்தரவு கிடையாது. நாம் தொடும்வரை அது பேசாமல் கிடக்கும். வம்பு எல்லாம் டீஃபால்ட், அதாவது நாம் எதுவும் சொல்லாதபோது டாக்கர் தானாக எடுத்துக்கொள்ளும் முறை, மாறுவதில்தான். நேற்று ஓடிய அதே கட்டளை இன்றும் ஓடும், எரர் வராது, ஆனால் செய்கிற வேலை வேறாக இருக்கும்.

நான் நன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டது, இமேஜைக் கட்டும் பில்டரான பில்ட்கிட் விஷயத்தில். 2023 பிப்ரவரியில் வந்த 23.0 வெர்ஷனிலிருந்து லினக்ஸில் இதுதான் டீஃபால்ட் பில்டர். இமேஜைக் கட்டும் படிகளை எழுதி வைக்கும் ஃபைல்தான் டாக்கர்ஃபைல்; அதைப் பல ஸ்டேஜாகப் பிரிக்கலாம். பழைய பில்டர் அதை மேலிருந்து கீழே, ஒரு ஸ்டேஜ் விடாமல் ஓட்டிக்கொண்டு வரும். பில்ட்கிட் கடைசி ஸ்டேஜில் தொடங்கிப் பின்னோக்கிப் பார்க்கும். அந்த ஸ்டேஜுக்கு எது எது தேவையோ அதை மட்டும்தான் ஓட்டும்.

எங்கள் டாக்கர்ஃபைலில் மூன்று ஸ்டேஜ். முதலாவது கோடை பில்ட் செய்யும். இரண்டாவது அதன்மேல் டெஸ்ட்களை ஓட்டும். மூன்றாவது, முதல் ஸ்டேஜிலிருந்து பைனரியை காப்பி செய்து இமேஜ் ஆக்கும். டெஸ்ட் ஸ்டேஜிலிருந்து யாரும் எதையும் எடுப்பதில்லை. அதனால் பில்ட்கிட் அதை அப்படியே தாண்டிப் போய்விட்டது. பில்ட் பச்சை. நேரமும் பாதியாகக் குறைந்தது, நாங்களும் புது பில்டரைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். டெஸ்ட்டே ஓடவில்லை என்பது, ஓடியிருந்தால் பிடிபட்டிருக்க வேண்டிய ஒரு பக் புரொடக்‌ஷனுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது சிஐயில் (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) டெஸ்ட் ஸ்டேஜையே டார்கெட்டாகக் கொடுத்து ஒரு பில்ட், அது தேறினால் இமேஜுக்கு இன்னொரு பில்ட் என்று வைத்திருக்கிறோம். உங்களிடம் இப்படி ஒரு தனி ஸ்டேஜ் இருந்தால் இன்றைக்கே பில்ட் லாகைத் திறந்து, அது உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள்.

அதே பில்ட்கிட்டில் உள்ள நல்ல வசதியை எடுத்துக்கொள்ளாமல் விடுவதும் ஒரு தவறு. பிரைவேட் பேக்கேஜை இறக்க டோக்கன் (கடவுச்சொல் போன்ற ரகசியம்) வேண்டுமென்றால் இன்னமும் பலர் அதை பில்ட் ஆர்க்யுமென்டாகக் கொடுக்கிறார்கள். இமேஜ் கையில் கிடைக்கிற எவரும் 'டாக்கர் ஹிஸ்டரி' அடித்து அதைப் படித்துவிடலாம். ஃபைலாக காப்பி செய்து அடுத்த வரியில் அழித்தாலும் பயனில்லை. இமேஜ் லேயர் லேயராக, அதாவது அடுக்கடுக்காகச் சேர்வதால், முந்தைய லேயரில் அது உட்கார்ந்திருக்கும். சீக்ரெட் மவுன்ட் இருப்பதே இதற்குத்தான். அந்த ஒரு வரி ஓடும்போது மட்டும் டோக்கன் தெரியும், இமேஜில் தங்காது.

பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கம்போஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'டாக்கர்-கம்போஸ்' என்று நடுவில் கோடு போட்டு எழுதும் பழைய வெர்ஷன் 1-க்கு 2023 ஜூலையோடு அப்டேட் நின்றுவிட்டது. வெர்ஷன் 2-இல் கண்டெய்னர் பெயரில் அண்டர்ஸ்கோர் இருந்த இடத்தில் ஹைஃபன் வரும். பேக்கப் ஸ்கிரிப்டில் கண்டெய்னர் பெயரை நேராக எழுதி வைத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கம்போஸ் ஃபைலில் உள்ள சர்வீஸ் பெயரைக் கொடுத்துக் கூப்பிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

அப்புறம், 2025 நவம்பரில் வந்த டாக்கர் 29 வெர்ஷன். இதைப் புதிதாக இன்ஸ்டால் செய்தால் இமேஜ்களை, டாக்கருக்கு அடியில் ஓடும் கண்டெய்னர்டி என்ற புரோகிராம்தான் சேமிக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெஷினை அப்டேட் செய்தால் பழைய முறையே தொடரும். ஆக, ஒரே வெர்ஷன் போட்ட இரண்டு சர்வர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். 'டாக்கர் இன்ஃபோ' அடித்து ஸ்டோரேஜ் டிரைவர் வரியைப் பாருங்கள்: ஓவர்லே2 என்றால் பழையது, ஓவர்லேஎஃப்எஸ் என்றால் புதியது.

இதில் டிஸ்க்தான் சிக்கல். டாக்கர் டேட்டாவுக்கென்று தனி டிஸ்க் மாட்டி, டேட்டா ரூட்டை (டாக்கர் தன் ஃபைல்களை வைக்கும் இடம்) அங்கே திருப்பி வைத்திருப்போம். கண்டெய்னர்டி அந்த செட்டிங்கைக் கண்டுகொள்ளாது; இமேஜ்களைத் தன் டைரக்டரியில் போடும். பெரும்பாலும் அது ரூட் டிஸ்க்கில், அதாவது சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில், இருக்கும். போதாததற்கு, சுருக்கிய லேயர், விரித்த லேயர் இரண்டையும் வைத்துக்கொள்வதால் இடமும் கூடுதலாகப் பிடிக்கும். பெரிய டிஸ்க் காலியாகக் கிடக்க, ரூட் டிஸ்க் நிரம்பி வழியும். கண்டெய்னர்டியின் கான்ஃபிக் ஃபைலில் அதன் ரூட்டையும் மாற்ற வேண்டும்.

பழைய மெஷினில் நீங்களாகவே புது முறைக்கு மாறினால், லிஸ்டில் ஒரு இமேஜும் இருக்காது. பதற வேண்டாம், எதுவும் அழியவில்லை. பழைய முறைக்குத் திரும்பினால் எல்லாம் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பழைய இமேஜ்களும் டிஸ்க்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் தேவையான இமேஜ்களை ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ்களை சேமித்து வைக்கும் சர்வர்) புஷ் செய்து, மற்றதை அழித்துவிட்டு, அதற்குப் பிறகு மாறுவது நல்லது.