மலிவு விலை வீடு: சாவி வாங்கும் முன்பும் பின்பும் நாம் செய்கிற தவறுகள்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டு பாரம் பூர்த்தி செய்து கொடுக்க உட்காருவேன். வருகிறவர்கள் கையில் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஐசி (அடையாள அட்டை) நகல், சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ், அப்புறம் ஒரு துண்டுக் காகிதம். அதில் யாரோ ஒருவருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கும். "இந்த அண்ணன் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு, சார்."

முதல் தவறு அந்தத் துண்டுக் காகிதம்தான். வீடு ஒதுக்குகிற குலுக்கலில் பெயரை முன்னால் தள்ளிவிட எந்த அண்ணனாலும் முடியாது. பெயர் வராவிட்டால் அவர் போனையே எடுக்க மாட்டார். கொடுத்த ஐந்நூறு வெள்ளியும் (ரிங்கிட்) திரும்பாது. விண்ணப்பத்தை நீங்களே போட்டு, பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். போதும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே வீடு என்று நினைப்பது. பி.பி.ஆர். என்கிற மக்கள் வீடமைப்புத் திட்டம் வேறு. கோலாலம்பூரில் மாதம் 124 வெள்ளி வாடகை என்று நாம் கேள்விப்படுவது அதுதான். ரெசிடென்சி விலாயா வேறு. 2013-இல் ரூமாவிப் என்ற பெயரில் தொடங்கியது. 300,000 வெள்ளிக்கு மேற்படாத விலையில் சொந்தமாக வாங்குகிற வீடு. இதற்கான மாத வருமான வரம்பு தனி ஆளுக்கு 10,000, கணவன் மனைவி சேர்ந்து 15,000 என்று வைத்திருந்தார்கள். "மலிவு வீடெல்லாம் ஏழைகளுக்கு, நமக்கு எதற்கு" என்று ஒதுங்கிக்கொண்ட ஆசிரியர்களும் தாதிகளும் எனக்குத் தெரிந்தே நிறைய. அதே வருமானத்தில் சிலாங்கூர் எல்லைக்கு அப்பால் ஐந்து லட்சத்துக்கு வாங்கிவிட்டு, தினமும் டோல் கட்டி வேலைக்கு வருகிறார்கள்.

சரி, பெயர் விழுந்துவிட்டது. அப்போதுதான் பேங்க் லோன் ஞாபகம் வரும். பெயர் விழுந்தும் வீடு கைவிட்டுப் போனவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் கஷ்டப்படுகிறது. மோட்டார் சைக்கிள் தவணை மூன்று மாதம் பாக்கி, கல்விக் கடனைக் கட்டாமல் விட்டது, மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் சிசிரிஸ் என்கிற கடன் விவர அறிக்கையில் உட்கார்ந்திருக்கும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இந்த அறிக்கையை இணையத்திலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கடந்த 12 மாதங்களாக எப்படிக் கட்டினீர்கள் என்பது அதில் தெரியும். ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருஷம் முன்பே பார்த்துவிடுங்கள். பூக்கட்டி விற்கிறவர், லாரி ஓட்டுகிறவர் போல சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு எஸ்ஜேகேபி என்ற வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அவர்கள் வரவு செலவை பேங்க் கணக்கு வழியாக நடத்தாமல் டப்பாவில் போட்டு வைப்பதுதான் அங்கே சிக்கல்.

மாதக் கணக்கை ஒரு தடவை உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். 300,000 வெள்ளி வீடு, 90 விழுக்காடு லோன், 35 வருஷம், வட்டி 4 விழுக்காடு என்றால் தவணை ஏறக்குறைய 1,195 வெள்ளி. இதை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். வீடு 900 சதுர அடி, பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 30 சென் என்று வைத்தால் 270 வெள்ளி. அதன் மேல் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்டுக்கு, அதாவது பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு, 27 வெள்ளி. ஆக, 1,492. மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரம், மகனுடைய மோட்டாருக்குப் பார்க்கிங் எதுவும் இன்னும் இதில் சேரவில்லை.

பராமரிப்புக் கட்டணம் விருப்பப்பட்டால் கட்டுகிற நன்கொடை இல்லை. 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி கட்டியே ஆகவேண்டிய பணம். நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் இதை நேரிலேயே பார்த்தேன். மூன்று லிப்டில் இரண்டு பழுது. பதினான்காவது மாடிப் பாட்டி ஒருவர் சந்தைப் பையைப் படியில் வைத்துவிட்டு, மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அந்த மாத ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதிலும் பாதிப்பேர் மீ கோரெங் தீர்ந்ததும் கிளம்பிவிட்டார்கள். போதுமான ஆள் சேராவிட்டால், அரை மணி நேரம் கழித்து இருப்பவர்களை வைத்தே கூட்டம் நடத்தலாம் என்பது சட்டம். அந்தப் பத்தொன்பது பேர் கையைத் தூக்கினால் நம் எல்லோருக்கும் கட்டணம் ஏறும். பாக்கி வைத்திருப்பவருக்கு ஓட்டும் கிடையாது. அப்புறம் வாட்சப்பில் கத்தி என்ன பயன்?

சாவி வாங்கிய கையோடு பால் காய்ச்சி, உடனே டைல்ஸ் மாற்ற ஆள் வைப்பது இன்னொன்று. உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீட்டுக்கு 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. அதற்குள் விரிசல், கசிவு எதுவானாலும் எழுத்தில் கொடுத்தால் 30 நாளில் சரி செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. நீங்களே உடைத்துவிட்டால் யாரால் வந்த கசிவு என்ற சண்டைதான் மிஞ்சும். செய்து தராவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. "மேனேஜரிடம் வாயால சொன்னேன்" என்பது அங்கே எடுபடாது.

பி.பி.ஆர். வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதும், ரெசிடென்சி விலாயா வீட்டை 10 வருஷத் தடைக்காலத்தில் விற்கப் பார்ப்பதும் தெரிந்தே செய்கிற தவறுகள். இவற்றை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, வீட்டைப் பார்க்கிறோம், வட்டாரத்தைப் பார்ப்பதில்லை. புக்கிட் கியாரா தோட்டத்துக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். தோட்டம் போன பிறகு, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஓரத்தில் 1980களில் தற்காலிகமாகக் குடியேற்றப்பட்டவர்கள் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு வீடு என்று சொன்ன திட்டத்தோடு சொகுசு அடுக்குமாடிகளும் சேர்ந்து வந்தன; இடமோ ரிம்பா கியாரா பூங்கா நிலம். பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்ததை 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. நகரின் கட்டமைப்புத் திட்டத்தை மாநகர் மன்றம் காரணம் காட்டாமல் ஒதுக்கிவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வாய்மொழி உறுதியை நம்பி அத்தனை வருஷம் காத்திருந்தவர்களுக்கு, அந்த நிலம் வரைபடத்தில் என்னவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று யார் எடுத்துச் சொன்னார்கள்?

எந்த நிலம் எதற்கு என்று குறிக்கிற வரைபடங்களில் இப்போது நடப்பில் இருப்பது கோலாலம்பூர் உள்ளூர் திட்டம் 2040. 2025 ஜூனில் அமலுக்கு வந்தது. வாங்கப் போகும் கட்டடத்துக்குப் பக்கத்துக் காலி நிலத்துக்கு அதில் என்ன நிறம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பச்சையா, குடியிருப்பா, வணிகமா? அதைப் பார்த்த பிறகு, ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு, மழை பெய்தால் இன்னும் நல்லது, அங்கே போய் நில்லுங்கள். எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வர எத்தனை நிமிஷம், தமிழ்ப்பள்ளிக்கு வேன் வருமா, எத்தனை லிப்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.