திரையில் பச்சையாகும் எண்களை மட்டும் நம்பி அலைன்மென்ட் செய்யாதீர்கள்

பள்ளத்தில் இறங்கி ஏறிய கார் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தால் நேராக அலைன்மென்ட் கடைக்கு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் இடத்துக்குப் போகிறோம். திரையில் எண்கள் பச்சையானதும், அதாவது கோணம் சரியான அளவுக்குள் வந்ததும், பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கொஞ்ச நாளில் டயரின் உள் ஓரம் மொட்டையாகிறது. பெரும்பாலும் மெஷின் மீது தப்பில்லை, வண்டியை அதில் ஏற்றும் முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதுதான் காரணம்.

ஆட்டம் கண்ட பாகங்களை அப்படியே வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனை), பால் ஜாயிண்ட் (சக்கரத்தோடு சேரும் உருண்டை இணைப்பு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர் இணைப்பு) இவற்றில் ஒன்று தேய்ந்திருந்தாலும், நின்ற நிலையில் வைத்த கோணம் பிரேக் பிடித்ததுமே மாறிவிடும். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரத்தை 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட் போயிருக்கும். 12 மணி, 6 மணி இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். முதலில் பாகத்தை மாற்றுங்கள், அப்புறம் அலைன்மென்ட். டயர் காற்றும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளப்பதும் தவறு. இறங்கும்போது சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனைச் சரியாக உட்கார விடாது. பானெட் பக்கம் நாலைந்து முறை அழுத்திவிட்டுத்தான் திரையில் எண்களைப் பார்க்க வேண்டும்.

ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற சிறிய கார்களில் முன் சக்கரத்தில் திருப்பிச் சரிசெய்ய முடிந்தது டோ மட்டுமே, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பரோ (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) காஸ்டரோ (ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்னே, பின்னே சாயும் கோணம்) சிவப்பில் இருந்தால் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்), லோயர் ஆர்ம், நக்கிள் (சக்கரம் மாட்டும் இரும்பு) இவற்றில் ஏதோ பெரும்பாலும் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். சில கடைகளில் ஹைட்ராலிக் கருவி போட்டு வளைத்தே கேம்பரைச் சரிசெய்து தருவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே அடி வாங்கிய இரும்பை இன்னொரு முறை வளைத்தால் அது பலவீனமாகும், எண் மட்டும்தான் அழகாகும்.

டோ வைக்கும்போது ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு இரண்டு பக்க டை ராடையும் திருப்ப வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் டோ சரியாக வரும், ஆனால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அதை மறைக்க ஸ்டியரிங்கையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது இன்னும் மோசம்: ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் பல் சட்டம்) நடுவில் இருக்காது, ஒரு பக்கம் சக்கரம் திரும்பும் அளவு குறையும், ஏர்பேக் இணைப்புக்கும் ஆபத்து. டை ராடின் லாக் நட்டை இறுக்கினார்களா, ரேக் பூட் (ரப்பர் உறை) முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டி என்றால் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யமாக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

இழுப்புக்கெல்லாம் டோவைக் குறை சொல்வதும் சரியில்லை. டோ தவறினால் டயர் தேயும். ரப்பரின் மேல் கையைக் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் இருக்கும். இழுப்புக்கு வேறு காரணங்கள் உண்டு. நம் சாலைகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் லேசாக இடதுபுறம் போவது இயல்புதான். அதற்கு மேல் இழுத்தால் இரண்டு முன் டயர்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு திசை மாறினால் கோளாறு டயரில். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் ரிம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங்.

வேலை முடிந்ததும் செய்வதற்கு முன், செய்த பின் என இரண்டு அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேம்பர் எண் மாறியிருந்தால் எந்தப் பக்கம் அடி வாங்கியது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.