கான்ஃபரன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வேலூர் மேடைகளை முன்வைத்து

சிஎம்சி மருத்துவமனை, விஐடி பல்கலைக்கழகம், சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், கொஞ்சம் தள்ளி ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள். இத்தனையும் சுற்றி இருக்கும்போது வேலூர்ப் பக்கம் கான்ஃபரன்ஸுக்குப் பஞ்சம் வருமா? இந்த அரங்குகளில் நடக்கும் தவறுகள் பலவும் மரியாதை என்று நினைத்துச் செய்பவைதான். அந்த மரியாதைக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அரங்கில் இருப்பவர்களிலேயே சின்னவர் தலையில்.

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் 9 மணி. சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்போது 9.45. வரவேற்புரை சொல்பவர் மேடையில் இருக்கும் எட்டுப் பேரையும் பதவியோடு விளிப்பார். அடுத்து வருபவரும் அதே எட்டுப் பேரை அதே வரிசையில் விளிப்பார், ஒருவர் பெயர் விட்டுப்போனால் மனத்தாங்கல் ஆகிவிடுமே என்று. பிறகு பொன்னாடை, மெமெண்டோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. 11 மணி செஷன் 12 மணிக்குத் தொடங்கும். மதியச் சாப்பாடு மட்டும் ஒரு நிமிடம் தள்ளாது. பிரியாணி ஆறிவிடும் அல்லவா?

கீநோட் என்னும் முதன்மை உரை பேசுகிற பேராசிரியர் 30 நிமிடத்தை 50 ஆக்குவார். நேரம் முடிந்தது என்று மணி அடிக்க யாருக்கும் கை வராது. கடைசியாகப் பேப்பர் வாசிக்க வருவது இரண்டாம் வருட முதுநிலை (பிஜி) மாணவி. அவருக்குக் கொடுத்திருந்தது 10 நிமிடம். மைக்கைக் கையில் வாங்கும்போதே செஷனை நடத்தும் சேர்பர்சன் சொல்வார்: “நாலு நிமிஷத்துல முடிச்சிடும்மா.” அவர் அம்புக்குறி பட்டனைத் தட்டிக்கொண்டே போக, மெத்தட்ஸ், டேபிள், கிராஃப் எல்லாம் மின்னி மறையும். ஒரு வருட உழைப்பு கன்க்ளூஷன் ஸ்லைடில் வந்து நிற்கும்போது பின்வரிசை சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டிருக்கும்.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. விளிப்பதை வரவேற்புரையோடு நிறுத்திக்கொள்ளலாம். பொன்னாடையை மதிய இடைவேளைக்கோ நிறைவு விழாவுக்கோ தள்ளலாம். நேரம் குறைந்தால் எல்லோருடைய பேச்சிலும் சமமாகக் குறையட்டும். மணி பேராசிரியருக்கும் அடிக்கட்டும். உண்மையில் மணி அடிப்பதை மாணவ வாலண்டியரிடம் விடுவதே தவறு. தன்னுடைய துறைத்தலைவருக்கு (ஹெச்ஓடி) யார்தான் மணி அடிப்பார்கள்? அதைச் சேர்பர்சனே செய்ய வேண்டும்.

அடுத்தது கேள்வி நேரம். “இது கேள்வி இல்ல, ஒரு சின்ன கமெண்ட்” என்று தொடங்கினால், தான் இருபது வருடத்துக்கு முன் செய்த வேலை முழுவதும் வந்துவிடும். பெயர், ஊர், ஒரே கேள்வி, அவ்வளவு போதும். மாணவரின் சாம்பிள் சைஸில், அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எண்ணிக்கையில், ஓட்டை தெரிந்தால் இடைவேளையில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பார். தோல் தொழில் கூட்டங்களில் ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் தமிழிலோ உருதுவிலோ கேட்பார்கள். மேடையில் சிரிப்பு பரவக் கூடாது. பல நேரம் தொழிலின் உண்மையான சிக்கல் அந்தக் கேள்வியில்தான் இருக்கும்.

அறிமுகத்திலும் கவனம் வேண்டும். ஆண் பேச்சாளர் “டாக்டர்”, பெண் பேச்சாளர் “நம்ம வீட்டுப் பொண்ணு”. பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது நம் ஊர் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் அறிமுகம் செய்தபோது ஆண் பேச்சாளர்களில் 72.4% பேரை டாக்டர் என்று விளித்திருக்கிறார்கள், பெண்களில் 49.2% பேரை மட்டுமே. பட்டம் சொன்னால் எல்லோருக்கும் சொல்லுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

முன்பெல்லாம் செல்போன் அடிப்பதுதான் பெரிய குற்றம். இப்போது ஒவ்வொரு ஸ்லைடுக்கும் போன்கள் உயர்கின்றன. இன்னும் வெளியாகாத டேட்டா பேச்சாளர் பஸ் ஏறுவதற்குள் நாலு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. படம் எடுக்கலாமா கூடாதா என்று முதல் ஸ்லைடிலேயே பேச்சாளர் சொல்லிவிடுவது இன்றைய நல்ல பழக்கம். சொல்லாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர்களுக்கு இன்னொன்று: நோயாளியின் கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடாது. எக்ஸ்ரே ஓரத்தில் பெயரும் ஹாஸ்பிடல் நம்பரும் அப்படியே இருக்கும் ஸ்லைடுகள் இன்னும் வருகின்றன.

ராத்திரி விருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “சார் அப்படித்தான், கண்டுக்காதே” என்பது பழைய அறிவுரை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாகப் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். வேலை நிமித்தமாக வந்தவருக்கு அந்த ஹோட்டல் விருந்தும் அதற்குள்தான் வரும். புகாரைச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். யாரிடம் சொல்வது என்ற பெயரையும் போன் நம்பரையும் பேட்ஜின் பின்பக்கம் அச்சடிக்க அமைப்பாளருக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. யாரிடம் போவது என்று தெரியாமல் ஒரு மாணவி ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய்விடக் கூடாது.

மருந்து கம்பெனி ஸ்டாலில் மூன்று பை நிறைய வாங்கும் வழக்கமும் முடிய வேண்டியதுதான். 2024-ல் வந்த மத்திய அரசின் சந்தைப்படுத்தல் நெறிமுறை மருத்துவருக்குப் பரிசு கூடாது என்கிறது. பிராண்டை நினைவூட்டும் பொருள் என்றாலும் ஒன்று 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

கடைசியாக, காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குக் கிளம்பும் வெளியூர் டெலிகேட்டுகள். கோயிலுக்குப் போவதில் தவறில்லை, ஆனால் உட்காராத மணிநேரத்துக்கு வருகைக்கான கிரெடிட் புள்ளி வாங்குவது தவறு. மாலை 4 மணிக்கு மேல் பாதிப் பேர் காட்பாடிக்கு ரயில் பிடிக்கப் போய்விடுவார்கள் என்பது அமைப்பாளருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மாணவர்கள் செஷனை அந்த நேரத்தில் போடுகிறார்கள். அதை முதல் நாள் காலைக்கு மாற்றிவிட்டு, 4 மணிக்குக் கீநோட்டை வையுங்கள். பெரியவர் பேச்சென்றால் கூட்டம் இருக்கும்.