மார்கழிப் பனியில் ஆடு மாடு வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்ததும் சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் பட்டிகளைச் சுற்றித் தார்ப்பாய் ஏறிவிடும். குளிர் படக்கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் கூரையிலிருந்து தரைவரை சந்து விடாமல் கட்டுவதுதான் இந்தப் பருவத்தில் நடக்கும் பெரிய தவறு. ராத்திரி முழுக்க ஆடுகள் விடும் மூச்சு வெளியே போக வழியில்லாமல் தகரத்தில் பட்டு நீராகச் சொட்டும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில்தான் சளியும் நிமோனியாவும் ஏறுகின்றன. வயிறு நிறைந்து, காய்ந்த இடத்தில் படுக்கும் பெரிய ஆடு நம்மூர்க் குளிரைத் தாங்கிவிடும். ஈரத்தைத் தாங்காது.

விடியற்காலையில் பட்டிக்குள் போய், ஆட்டின் முக உயரத்துக்குக் குந்தி ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது. கண் எரிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். வாடைக்காற்று வரும் வடக்கு, கிழக்குப் பக்கம் மட்டும் தரையிலிருந்து நான்கடி கட்டுங்கள். கூரைக்குக் கீழே ஓரடியாவது திறந்திருக்கட்டும். வெயில் வந்ததும் தார்ப்பாயைச் சுருட்டிவிட வேண்டும். கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடுவதானால் பட்டிக்கு வெளியே போடுங்கள்.

தரையில் ஈரச் சாணி மேலேயே வைக்கோலைப் பரப்புவதும் வீண் வேலை. அரை நாளில் அதுவும் ஊறிவிடும். முதலில் வழித்தெடுத்து, சுண்ணாம்புத் தூள் தூவி, அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த கடலைத் தோலோ வைக்கோலோ போடுங்கள்.

குட்டி போடும் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். மேச்சேரிச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். பிறந்த ஈரத்தோடு விட்டால் உடம்புச் சூடு சட்டென்று இறங்கும். காய்ந்த சாக்கால் உடனே துடையுங்கள். தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் முக்கி எடுங்கள். சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது, நாலைந்து தடவையாகக் கொடுங்கள்.

சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாயைத் திறந்து பாலை ஊற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் அதற்குச் சப்பவும் விழுங்கவும் தெம்பில்லை. ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போய்விடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்து, வாய் வெதுவெதுப்பான பிறகு பால் காட்டுங்கள்.

மேய்ச்சலுக்கு ஆறு, ஏழு மணிக்கே ஓட்டுவது வேனிலுக்குச் சரி. பனி நாளில் குடற்புழுவின் இளம்புழுக்கள் அந்த ஈரத்திலேயே புல் நுனிக்கு ஏறி நிற்கும். ஆடு முதலில் கடிப்பதும் அந்த நுனியைத்தான். பனி உலர்ந்து, ஒன்பது மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். கீழிமையை இழுத்துப் பார்த்து உள்பக்கம் வெளுத்திருந்தால் குடற்புழு மருந்துக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கறவை மாட்டுக்கு ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடந்த தண்ணீரைக் காட்டினால் இரண்டு வாய் குடித்து விலகிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அப்போது இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதையே வையுங்கள். கறந்து முடித்த அரை மணி நேரம் காம்பின் துளை மூடாமல் இருக்கும். அந்த நேரத்தில் மாடு ஈரத் தரையில் படுத்தால் மடிவீக்கம் வரும். தீவனத்தைக் கறந்த பிறகு போட்டால் தின்றுகொண்டே நிற்கும்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துத் தின்னக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூசணம் உதிரும், அது விட்ட நஞ்சு போகாது. மூட்டையைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து அரையடி உயரப் பலகையில் அடுக்குங்கள். பூசணம் பிடித்ததைக் குழியில் புதைத்துவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.