பிள்ளைக்குப் பல்லில் கிளிப் போடணுமா? காரைக்குடிப் பக்கத்து வழி

என் மகளின் தெத்துப்பல்லுக்குத் தனியார் கிளினிக்கில் சொன்ன தொகையைக் கேட்டதும் அப்பத்தா, "அம்புட்டுக் காசுக்கு ஒரு சோடி வளையலே போட்டுறலாமே" என்றார்கள். அப்புறம்தான் பல் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனோம். அங்கே காசு குறையும், நேரம் கூடப் போகும். சம்மதமென்றால் மேலே படியுங்கள்.

1. முதலில் வாயைப் பாருங்கள்

வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். பால் பல் வரிசைக்குப் பின்னால் 6 வயதுவாக்கில் முளைக்கும் கடைவாய்ப் பல், நிலையான பல். எதுவும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்று விட்டுவிடுகிறோம். பால் பல்லும் லேசுப்பட்டதல்ல. கடைவாய்ப் பால் பல் 10, 12 வயதுவரை நிற்க வேண்டியது. சொத்தை என்று சீக்கிரமே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிளிப் செலவுதான்.

2. எங்கே போவது?

சொத்தை அடைக்க, பல் எடுக்க, நமக்குப் பக்கம் 2023-இல் திறந்த புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி. கிளிப்புக்குப் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு நடத்தும் கல்லூரியா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மதுரையில் தனியார் பல் கல்லூரிகள் உண்டு. சிதம்பரத்திலும் இருக்கிறது, நம் கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கல்லூரி. ஆனால் மாதாமாதம் அவ்வளவு தூரம் யார் அலைவது?

3. போகிற நாள்

காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். முதலில் பொதுவாகப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, அப்புறம்தான் உரிய துறைக்கு அனுப்புவார்கள். மாணவர் செய்வார், பேராசிரியர் வந்து பார்ப்பார், மறுபடி மாணவர் தொடர்வார். அதனால்தான் இழுக்கும். கட்டுச்சோறு இல்லாமல் போகாதீர்கள்.

4. இதைக் கேட்காமல் கிளிப் போடாதீர்கள்

"டாக்டர், நீங்க எத்தனாவது வருஷம்?" கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். எம்.டி.எஸ். 3 வருடப் படிப்பு. கிளிப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம். முதல் வருட மாணவர் என்றால் தொடங்கியவரே முடிப்பார். எங்களுக்குக் கிடைத்தவர் கடைசி வருடம். அவர் போனபின் புதியவர் ஃபைலைப் படித்து, மறுபடி அளவெடுத்து, நான்கு மாதம் ஓடிவிட்டது.

சொன்ன தொகையில் எக்ஸ்ரே, தெறித்த பிராக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) மறுபடி ஒட்டுவது, கிளிப்பைக் கழற்றியபின் பல் நகராமல் பிடிக்கத் தரும் ரிட்டெய்னர் எல்லாம் அடக்கமா என்றும் கேளுங்கள். ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும்.

5. வீட்டில்

சீப்புச் சீடையை ஒளித்து வையுங்கள். ஒரு கல்யாண வீட்டில் எங்கள் பிள்ளை ஒன்றைக் கடித்து, பிராக்கெட் கம்பியோடு தொங்கியது. அப்படியானால் இழுக்காமல், அடுத்த தேதிவரை காத்திராமல், துறைக்கு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஃபைல் எண்ணைச் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தால் ஓ.பி. வரிசையில் பாதி நேரம் மிச்சம்.