ஆறு இலக்கத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

எங்கள் வீட்டில் நானும் தம்பியும் ஒரே பல்கலைக்கழகத்தில்தான் முதுகலை படித்தோம். எனக்குக் கணக்கியல், அதில் பாதிப் பாடம் வரி. தம்பிக்கு ஏரோஸ்பேஸ், அதாவது விமான-விண்வெளிப் பொறியியல். அமெரிக்காவின் நட்டநடுவே கான்சஸ் மாநிலத்தில் இருக்கும் விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் அது. திருமங்கலத்தில் யாரிடம் சொன்னாலும், "அது எங்கம்மா இருக்கு, நியூயார்க் பக்கமா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது மாதம் இரண்டு பேராவது சொந்தக்காரர் வழியாக என் எண்ணை வாங்கி, எப்படிப் போவது என்று விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

முதலில், நான் செய்த தப்பு. மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் பத்துப் பல்கலைக்கழகப் பெயர்களைத் தரவரிசைப்படி எழுதிக் கொடுத்தார்கள். கட்டணத்தையும் ஊரையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். படிப்புக்கு எதிரே இருக்கும் ஆறு இலக்க எண்ணை நான் பார்க்கவே இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி எண் என்று ஒன்று உண்டு. மாணவ விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளிலும் அது அச்சாகியிருக்கும். கணக்கியலுக்கு 52.0301, வரிக்கு 52.1601, ஏரோஸ்பேஸ் பொறியியலுக்கு 14.0201. படித்து முடித்ததும் ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்க எல்லோருக்கும் அனுமதி உண்டு. அரசாங்கத்தின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உங்கள் எண் இருந்தால்தான் அதன்மேல் இன்னும் 24 மாதம். தம்பியின் எண் அதில் இருந்தது. என்னுடையது இல்லை.

ஓபிடி முடிந்தபின் அங்கேயே வேலையில் தொடர ஹெச்-1பி என்ற வேலை விசா வேண்டும். அதற்கான குலுக்கல் வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில் நடக்கும். 36 மாதம் கையில் இருப்பவருக்கு மூன்று வாய்ப்புவரை கிடைக்கும், 12 மாதக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். கணக்குப் படிக்கப் போனவள் இந்தக் கணக்கைப் போடாமல் போனேன். இன்றைக்கும் தம்பி இதைச் சொல்லிச் சிரிப்பான்.

ஆகவே கணக்கியல் படிக்க நினைப்பவர்கள் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐ-20-ல் எந்த சிஐபி எண் வரும்?" சில பல்கலைக்கழகங்கள் தரவுப் பகுப்பாய்வைச் சேர்த்துப் பாடத்திட்டத்தை மாற்றி, ஸ்டெம் எண்ணில் கணக்கியல் நடத்துகின்றன. கணக்கியலும் கணினி அறிவியலும் சேர்ந்த 30.1601 அந்தப் பட்டியலில் இருக்கிறது. இணையப் பக்கத்தில் போட்டிருப்பதை நம்பி விட்டுவிடாமல், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பி.காம் மூன்று வருடம், அங்கே இளங்கலை நான்கு வருடம். இந்த இடைவெளியைச் சில பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்துவதில்லை, சில ஒரேயடியாக மறுத்துவிடும். என்னிடம் எம்.காம் இருந்ததால் தப்பித்தேன். சிபிஏ (நம் ஊர் சி.ஏ. போன்ற அமெரிக்கக் கணக்காளர் உரிமம்) எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெற 150 செமஸ்டர் மணிநேரம் (படித்த பாடங்களின் அளவைக் காட்டும் கிரெடிட்) கேட்டு வந்தார்கள். பல மாநிலங்கள் இப்போது மாற்று வழியும் வைத்திருக்கின்றன. எந்த மாநிலத்தில் உரிமம் எடுக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, அந்த மாநில வாரியம் ஏற்கும் நிறுவனத்தில் மதிப்பெண் பட்டியலை மதிப்பீடு செய்துவிட்டு, அதன்பிறகு பாடங்களை எடுங்கள். 2024 முதல் தேர்வு மாறிவிட்டது. மூன்று தாள் கட்டாயம், நான்காவதை நாமே தேர்ந்தெடுக்கலாம். வரிப் பக்கம் போகிறவர்களுக்கு டிசிபி என்ற வரித் தாள்.

சரி, வரி மட்டுமே ஆசை என்றால்? வெளிப்படையாகச் சொல்கிறேன், அதற்காக இருபது முப்பது லட்சம் கடன் வாங்க வேண்டாம். என்ரோல்டு ஏஜென்ட் என்று அமெரிக்க வரித்துறை தரும் ஒரு தகுதி இருக்கிறது. அதற்குப் பட்டம்கூடக் கேட்பதில்லை, மூன்று தாள்தான். அமெரிக்க வரிப் படிவங்களைத் தயாரிக்கும் வேலை இங்கே நம் நகரங்களிலேயே ஏராளமாக நடக்கிறது. சிபிஏ தேர்வையும் சென்னையிலேயே எழுதலாம். அந்த ஊரில் வாழ்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் முதுகலை.

தம்பியின் கதை நேர்மாறு. அவனுக்கு 36 மாதம் கையில் இருந்தது, ஆனால் கதவுகள் மூடியிருந்தன.

விச்சிட்டாவுக்கு விமானத் தலைநகரம் என்றே பெயர். செஸ்னா, பீச், ஸ்டியர்மன் மூவரும் சேர்ந்து 1925-ல் டிராவல் ஏர் என்ற விமானக் கம்பெனியைத் தொடங்கியது அங்கேதான். லியர்ஜெட்டும் அங்கேதான் பிறந்தது. போயிங் 737 விமானத்தின் உடற்பகுதி அங்கே தயாராகி ரயிலில் ஏறிப் போகும். முதல்முறை அந்த ரயிலைப் பார்த்தபோது தம்பி வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினான். அப்பாவுக்கு ரொம்ப நேரம் புரியவே இல்லை. வளாகத்திலேயே விமான மாதிரிகளைச் சோதிக்கும் 7 அடிக்கு 10 அடி காற்றுச் சுரங்கம் இருக்கிறது. 1985-ல் தொடங்கிய நியார் என்ற விமான ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தால் வேலை வாசலிலேயே நிற்கிறது என்று தோன்றும்.

முதல் வேலைக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, "அக்கா, பத்து மேசைல ஆறு பேரு ரெஸ்யூமையே வாங்கலக்கா" என்றான். ராணுவம், ராக்கெட், சில செயற்கைக்கோள்கள் சார்ந்த தொழில்நுட்பம் ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிக்குள் வரும். வெளிநாட்டவருக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினாலே அது ஏற்றுமதி செய்ததாகக் கணக்கு. அதனால் குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி அந்தஸ்து இவற்றில் ஒன்று இல்லாதவர்களை அங்கே சேர்ப்பது அரிது. ஆய்வகத்திலேயே சில திட்டங்களில் மாணவ விசாக்காரர்களுக்கு இடம் கிடைக்காது.

அதற்காக ஏரோஸ்பேஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. உந்துவிசை, ஏவுகணை வழிகாட்டுதல் என்று ஆசைப்பட்டுப் போகாமல், பயணிகள் விமானம் சார்ந்த பாடங்களைப் பிடியுங்கள். தம்பி எடுத்தது கூட்டுப்பொருள் கட்டமைப்பு, ஃபைனைட் எலிமென்ட் பகுப்பாய்வு (பாகங்களின் வலிமையைக் கணினியில் கணக்கிடுவது), விரிசல் தாங்குதிறன், அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-யின் சான்றிதழ் விதிகள். திரும்பி வந்தாலும் பெங்களூரில் போயிங், ஏர்பஸ் இரண்டுக்கும் பொறியியல் மையம் உண்டு. அங்கே கேட்பதும் இவற்றைத்தான்.

விண்ணப்பிக்கும் முன் பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சி என்னைக் கவர்ந்தது" என்ற கடிதத்தை அவர்கள் திறந்து பார்ப்பதுகூட இல்லை. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு சந்தேகத்தை இரண்டு வரியில் கேட்டுவிட்டு, கடைசியில் "உங்கள் ஆய்வுக்கான பணம் மாணவ விசாக்காரரைச் சேர்க்க அனுமதிக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். தம்பி பதினான்கு பேருக்கு எழுதினான். மூவர் பதில் போட்டார்கள், ஒருவர் வேலை கொடுத்தார். செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வேண்டாம், விசாவுக்கே ஆபத்து.

கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் அரசு வங்கிகள் பொதுவாக வீட்டுப் பத்திரம் கேட்கும். எங்கள் கடன் அப்பா பெயரில் இருந்ததால், வட்டியைப் பழைய வரி முறையில் வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவின் கீழ் அவர் கழித்துக்கொண்டார். புதிய முறைக்கு மாறினால் அந்தக் கழிவு போய்விடும், பார்த்து மாறுங்கள்.

ஊரைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. கார் இல்லாமல் கஷ்டம். காற்று ஆளைத் தள்ளும். திங்கள்கிழமை மதியம் 12 மணிக்குச் சூறாவளிச் சங்கு ஊதும், அது வெறும் சோதனை. முதல் வாரம் நான் மட்டும் மேசைக்கடியில் புகுந்தேன். வளாகத்தில் ஒரு சின்னச் செங்கல் வீடு இருக்கிறது. 1958-ல் முதல் பீட்சா ஹட் நடந்த கட்டடம் அது. அங்கே படித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய கடை.

கடைசியாக, என் பாடம். எஃப்-1 என்ற மாணவ விசாவில் இருப்பவர் முதல் ஐந்து காலண்டர் வருடம் வரி விஷயத்தில் வெளிநாட்டவர்தான். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் படிவம் 8843 கொடுக்க வேண்டும். சம்பளம் இருந்தால் அதோடு 1040-என்ஆர் என்ற வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவம். கூட இருந்த பையன்களைப் பார்த்துத் தம்பியும், உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருளில் சாதாரண 1040 போட உட்கார்ந்துவிட்டான். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான். அப்படிப் போட்டால் பின்னால் திருத்திக் கொடுக்க வேண்டிவரும். மற்ற நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஒரு சலுகை நமக்கு உண்டு. இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி, நிலையான கழிவை (வரி போடாமல் வருமானத்தில் கழிக்கும் தொகை) நாமும் எடுக்கலாம். 2024-ம் வருடத்துக்கு அது 14,600 டாலர்.

சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (ஓய்வூதிய, மருத்துவ வரிகள்) என்று 7.65 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த ஐந்து வருடத்துக்குள் எஃப்-1 மாணவரிடம் அதைப் பிடிக்கக்கூடாது. தம்பி கோடைப் பயிற்சிக்குப் போன கம்பெனியில் பிடித்துவிட்டார்கள், ஆயிரம் டாலருக்கு மேல். முதலில் கம்பெனியிடமே எழுதிக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவம் 843, அதோடு 8316, விசா நகல், ஐ-20 நகல், டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடச் சம்பளச் சான்று) எல்லாவற்றையும் சேர்த்து வரித்துறைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். எங்களுக்குக் காசோலை வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் தம்பி வீடு மாறியிருந்தான். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8822, அதையும் மறக்காமல் போடுங்கள்.